இங்க அமெரிக்காவுல லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்த) குடும்பங்களுக்கு வாலண்டியர் பண்ணப் போன இடத்துல நடந்து, இன்னும் மனசுல உறுத்துற விஷயம் யாருக்காச்சும் இருக்கா?

சாத்தூர்க்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். ஹூஸ்டன்ல இருக்கேன். ஆறு வருஷமா பிப்ரவரி மார்ச் சனிக்கிழமைல வீட்டா சைட்ல உக்காந்து ஃப்ரீயா டேக்ஸ் ஃபைல் பண்ணித் தர்றேன். வீட்டான்னா இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை 1969லேர்ந்து நடத்துறது, பரீட்சைல 80 சதவீதம் எடுத்தாத்தான் நாற்காலில உக்கார விடுவாங்க.

2025 பிப்ரவரி. டைல்ஸ் ஒட்டுறவரு ஒருத்தர் வந்தாரு, பேன்ட் முட்டியெல்லாம் சிமென்ட் காஞ்சு வெள்ளையா இருந்துச்சு, ஒரு ஜிப்லாக் கவருக்குள்ள வருஷம் பூரா சேத்த ரசீது, கூட ஒம்பது பத்து வயசுல பொண்ணு. அவருக்கு ரெண்டு சர்நேம், அப்பா வழி ஒண்ணு அம்மா வழி ஒண்ணு, ஒரு பேப்பர்ல முதல் பேரு மட்டும் இருக்கு, இன்னொண்ணுல ரெண்டாவது மட்டும் இருக்கு. இனிஷியலோட வந்து இறங்கி ‘உங்க லாஸ்ட் நேம் என்ன’ன்னு கேட்டவன்கிட்ட முழிச்ச நமக்கு இது புரியாதா, சிரிச்சுக்கிட்டே சரி பண்ணிட்டேன். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடையாது, அது கிடைக்காதவங்க வரி கட்டறதுக்குன்னு ஐஆர்எஸ் குடுக்குற, 9ல ஆரம்பிக்கிற ஐடிஐஎன் நம்பர்தான். பொண்ணு ஹூஸ்டன்ல பொறந்தவ, அவளுக்கு சோஷியல் இருக்கறதால, அப்ப இருந்த சட்டப்படி பிள்ளைக்கான வரிச் சலுகை, சைல்டு டேக்ஸ் கிரெடிட் வந்துச்சு. கம்மி சம்பளக்காரங்களுக்கான எர்ன்டு இன்கம் கிரெடிட் ஐடிஐஎன் காரங்களுக்குக் கிடையாது. சொந்தமா வேலை செய்றவர்ங்கறதால செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டேக்ஸ் 15.3 சதவீதம் வேற. அதுக்கெல்லாம் மூஞ்சி சுளிக்கல மனுஷன்.

கையெழுத்து போடுற நேரத்துல பேனாவ மேஜை மேல வச்சுட்டாரு. பொண்ணு கேக்குறா, "இந்த அட்ரஸ் வேற யாருக்காச்சும் போகுமான்னு அப்பா கேக்குறாரு". நான் அப்படியே பெரிய இவனாட்டம், போகாதும்மா, டேக்ஸ் பேப்பர் டேக்ஸ் ஆபீஸோட சரி, அதுக்குன்னு சட்டமே இருக்கு, அப்பாவ பயப்பட வேணாம்னு சொல்லுன்னேன். அவ நான் சொன்னத விட நீளமா, நான் சொன்னத விட சந்தோஷமா எதையோ சொன்னா. அவரு பேனாவ எடுத்துப் போட்டுட்டாரு.

ஏப்ரல் 7ஆம் தேதி ஐஆர்எஸ்ஸும் இமிக்ரேஷன் டிபார்ட்மென்ட்டும், பேப்பர் இல்லாதவங்களப் பிடிக்க அட்ரஸ் பகிர்ந்துக்க ஒப்பந்தம் போட்டுச்சு. ஆபீஸ் கேன்டீன்ல போன்ல படிச்சேன். சாப்பாடு இறங்கல. அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது, ஒண்ணும் ஆகாமக்கூட இருந்திருக்கலாம், ஆனா அந்தப் பேனா.

கொல்லிமலை_தேன்

எங்களுது சர்ச் பார்க்கிங்ல நடக்குற ஃபுட் பேன்ட்ரி, இலவசமா சாப்பாட்டுச் சாமான் குடுக்குற இடம், டல்லாஸ் பக்கம். கதை சின்னதுதான். என் வேலை லிஸ்ட்ல டிக் அடிக்கறது. ஒரு அட்ரஸ்க்கு ஒரு பெட்டின்னு எனக்கு நானே சட்டம் வச்சிருந்தேன். ஒரு அம்மா வந்தாங்க, அதே அட்ரஸ்க்கு பத்து நிமிஷம் முன்னாடிதான் வேற ஒருத்தங்க வாங்கிட்டுப் போனாங்க, அதனால நோ, சாரின்னுட்டேன். அவங்க சண்டை போடல. "தோஸ் ஃபமிலியாஸ்", ரெண்டு குடும்பம் அப்டின்னு ரெண்டு விரல காட்டுனாங்க, நான் லிஸ்ட்ட காட்டுனேன். ஸ்ட்ரோலர திருப்பிக்கிட்டுப் போய்ட்டாங்க. கீழ கூடைல ஒரே ஒரு மாம்பழம் மட்டும் இருந்துச்சு, அது ஏன் ஞாபகத்துல நிக்குதுன்னு தெரியல.

அப்புறம் கோஆர்டினேட்டர் சொன்னாங்க, அரசாங்கம் சாப்பாட்டுக்குக் குடுக்குற ஃபுட் ஸ்டாம்ப்லயே குடும்பம்னா ஒண்ணா வாங்கி ஒண்ணா சமைச்சு சாப்பிடறவங்கதான், கதவு நம்பர் கணக்கு இல்லைன்னு. ஒரே வீடு, ரெண்டு உலை. இதக் கூட்டுக் குடும்பத்துல தனி அடுப்பு வச்சத பாத்து வளந்த எனக்கு ஒரு வெள்ளக்காரம்மா சொல்லித் தரணுமா? 2006ல ஒரு ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்ல ஆறு பேரு ஃப்ரிட்ஜ்ல பால் கேன்ல பேரெழுதி வச்சவன்தானே நானு.

ஆடிட்டர்_மாமா

சாத்தூர்க்காரன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க செஞ்சது தப்பு. வாலண்டியரா உக்காந்திருக்கறவன் உத்தரவாதம் குடுக்கப்படாது. "இன்னைக்குச் சட்டம் இப்படி இருக்கு, நாளைக்கு எனக்குத் தெரியாது" அவ்ளோதான் சொல்லணும். நானும் பதினஞ்சு வருஷமா இதுல இருக்கேன்.

என் கதை ஒரு வரி. நியூ ஜெர்சில ஒரு தம்பதி, பேப்பர் சரி பண்ணித் தர்றேன்னு ஒரு நோட்டரி மூவாயிரம் டாலர் வாங்கிண்டு காணாமப் போயிட்டான், அந்தம்மா ரசீதுன்னு ஒரு விசிட்டிங் கார்டை நீட்டறா, அதுல தராசு படம் போட்டிருக்கு. அந்தத் தராசு இன்னும் கண்ணுல நிக்கறது.

இப்போ எல்லாரும் கேட்டுக்கோங்கோ. மெக்சிகோ மாதிரி ஊர்ல நோட்டாரியோன்னா பெரிய வக்கீல், அரசாங்கம் நியமிக்கறவர். இங்க நோட்டரின்னா கையெழுத்தைப் பாத்து முத்திரை குத்தறவன், வக்கீலா இருக்கணும்னே இல்லை. ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம், அதுலதான் பொழப்பே ஓட்டறான் அவன். யாராவது உங்ககிட்ட நோட்டாரியோன்னு சொன்னா உடனே நிறுத்தி, வக்கீலா, இல்லேன்னா ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அங்கீகாரம் குடுத்த ரெப்ரசென்டேட்டிவான்னு கேளுங்கோ, அந்தப் பட்டியல் பொதுவுலயே இருக்கு. வெத்து ஃபார்ம்ல கையெழுத்து போடாதேன்னு சொல்லுங்கோ. ஐடிஐஎன்னுக்கு டபிள்யூ-7ங்கற விண்ணப்ப ஃபார்ம் போடறச்சே ஒரிஜினல் பாஸ்போர்ட்ட தபால்ல அனுப்ப விடாதீங்கோ, சர்டிஃபையிங் ஏஜென்ட் இருக்கா, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவா. மூணு வருஷம் தொடர்ந்து ரிட்டர்ன்ல உபயோகிக்கலேன்னா அந்த நம்பரே காலாவதி ஆயிடும், அதையும் சொல்லுங்கோ. கேஷ்ல வேலை பாக்கறவாள சின்ன நோட்டு ஒண்ணுல தேதி போட்டு எழுதி வச்சுக்கச் சொல்லுங்கோ. இன்னும் இருக்கு, அப்புறமா வரேன்.

மழைக்காக்கா

மாமா, அட்வைஸ் யாரும் கேக்கல :) ஆனா தராசு விஷயம் செம.

நான் ஓக்லண்ட், ஃப்ரூட்வேல் பக்கம். ஸ்கூல் அட்மிஷன் டைம்ல ஃபார்ம் நிரப்ப ஹெல்ப் பண்ணுவேன். மொழி கத்துக்கற ஆப் டுவோலிங்கோல ஸ்பானிஷ்ல நானூறு நாள் விடாம ஸ்ட்ரீக் வச்சிருந்த திமிரு எனக்கு. ஒரு பொண்ணு வந்தா, இருபத்திரெண்டு வயசுதான் இருக்கும், கைத்தறிப் பாவாடை, முதுகுல துணியில கட்டுன குழந்தை, பக்கத்துல அஞ்சு வயசுப் பையன். நான் ஸ்பானிஷ்ல கேக்கேன், பையன் பேரென்ன, எப்ப பொறந்தான்னு. அவ தலையாட்டுறா. எல்லாத்துக்கும் "சி, சி"தான், ஆமா ஆமான்னு. பேரென்னன்னா "சி". சரி என் உச்சரிப்புதான் மோசம் போலன்னு மெதுவா பேசுனேன். அப்புறம் சத்தமா பேசுனேன். அப்புறம் ரெண்டையும் சேத்து, மெதுவாவும் சத்தமாவும்.

பாத்ரூம் போயிட்டு வந்த அவ மச்சினன் சொல்றான், அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, மாம்தான் தெரியும்னு. குவாத்தமாலா மலைக்காரங்க பேசுற மாயா மொழி. அங்க மட்டும் இருவதுக்கு மேல மாயா மொழி இருக்காம், ஓக்லண்ட்ல மாம் பேசுறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஏங்க, டெல்லி ரயில்வே ஸ்டேஷன்ல என் அம்மாகிட்ட ஒருத்தன் ஹிந்தில கேட்டு, புரியலன்னதும் அதே ஹிந்திய கத்திக் கேட்டப்ப அவன அடிக்கப் போனவ நானு. அதே வேலைய நான் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பண்ணிருக்கேன். அவ அந்த ‘சி’ சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே இருந்தா, எங்கம்மாவும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சுது.

பாஸ்டன்_இட்லி

இதே மாதிரிதான் ஃப்ரேமிங்ஹாம்ல. எல்லாருக்கும் ஸ்பானிஷ் நோட்டீஸ் அடிச்சு வச்சுட்டோம், வந்ததெல்லாம் பிரேசில்காரங்க, போர்ச்சுகீஸ். ஒரு பாட்டி நோட்டீஸ மடிச்சு விசிறிக்கிட்டாங்க. அவ்ளோதான் என் கதை.

பேக்லாக்_பாண்டியன்

எல்லாரும் அழுது முடிச்சாச்சா? நான் உண்மைய பேசுறேன், திட்டுறவங்க திட்டிக்கோங்க. கிரீன் கார்டு லைன்ல நான் இடம் போட்ட தேதி, பிரையாரிட்டி டேட், 2015. ஒழுங்கா வரி கட்டி ஒழுங்கா லைன்ல நிக்கிறவனுக்கு ஒரு தேங்க்ஸ் கூடக் கிடையாது. என் பையனுக்கு இருவத்தொண்ணு ஆனா அவன் தனியா விசா தேடணும். எனக்கு யாரு வாலண்டியர் பண்றா?

கம்பெனில வருஷத்துக்கு ஒரு நாள் கட்டாயமா சேவை பண்ணணும்னு ஃபீனிக்ஸ்ல ஸ்கூல் பேக் பேக் பண்ணக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஆளுக்கு ஒரு பை, ஒரு பென்சில் பாக்ஸ். நான் அவசரத்துல ஒரு பையில ரெண்டு பாக்ஸ் போட்டுட்டேன் போல. வாங்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போன அம்மா திரும்பி வெயில்ல நடந்து வந்து, ஃபீனிக்ஸ் ஆகஸ்ட் வெயில்னா தெரியும்ல, அந்த ஒரு பாக்ஸ என் கையில குடுத்துட்டு "பாரா ஒத்ரோ நீஞோ"ன்னாங்க. இன்னொரு பிள்ளைக்காம். நான் வச்சுக்கோங்கன்னேன். வச்சுக்கல.

அதுக்காக என் கருத்து மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க.

கொல்லிமலை_தேன்

பாண்டியன் அண்ணே, மாறலன்னா ஏன் இங்க வந்து எழுதுறீங்க. உங்க லைன் அநியாயம்தான், நானும் அதுலதான் நிக்கிறேன், ஆனா அந்த லைன்ல உங்க முன்னாடி நிக்கிறது அந்தம்மா இல்ல. கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு வச்ச கணக்கு. அதப் போட்டது காங்கிரஸ், இங்கத்த பார்லிமென்ட், டைல்ஸ் ஒட்டுறவரு இல்ல. அதுவுமில்லாம அங்க நிக்கிறவங்க எல்லாம் பேப்பர் இல்லாதவங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

ஓர்லாண்டோ_ஓவியா

தேன் சொன்ன கடைசி வரிக்கு நான்தான் உதாரணம், வெக்கத்தோட சொல்றேன். 2017 மரியா புயலுக்கு அப்புறம் போர்ட்டோ ரிக்கோலேர்ந்து குடும்பம் குடும்பமா இங்க வந்தாங்க, ஏர்போர்ட்லயே உதவி மையம் போட்டிருந்தாங்க. நாங்க ஒரு சின்ன குரூப், போர்வை, டயப்பர் குடுக்க. ஒரு பாட்டிகிட்ட ஃபார்ம் நிரப்பும்போது, உங்களுக்கு என்ன விசான்னு கேட்டுட்டேன். என்ன விசா! போர்ட்டோ ரிக்கோகாரங்க 1917லேர்ந்து அமெரிக்க சிட்டிசன்ஸ். அந்தப் பாட்டி கோவப்படவே இல்ல, ஹேண்ட்பேக்லேர்ந்து ஈரத்துல உப்பிப்போன ஒரு கார்டை எடுத்து வச்சாங்க. அவங்க வீட்டுக்காரர், ராணுவ யூனிஃபார்ம்ல. கொரியான்னு மட்டும் சொன்னாங்க. அப்ப நானே எச்1பில இருந்தேன். அந்த மேஜைல விசால இருந்த ஒரே ஆள் நான்தான்.

தீவகத்தான்

நான் யாழ்ப்பாணம், கனடாவில ஸ்காபரோவில வளந்து இப்ப நியூ ஜெர்சியில இருக்கிறன். ஒரு இலவச கிளினிக்கில கதிரை அடுக்கிறது, ஆக்களை அறைக்குக் கூட்டிக்கொண்டு போறது, அதுதான் என்ர வேலை. பேர் சொல்ல விருப்பமில்லை.

ஒரு தாய், எக்குவடோர்க்காரி, மகனோட வந்தவா. பெடியனுக்குப் பதினொரு வயசு இருக்கும், ஸ்கூல் பாக் முதுகில கிடக்குது. டொக்டருக்கு அண்டைக்கு அவசரம் போல, சுவரில இன்டர்பிரட்டர் ஃபோன் தொங்கிக்கொண்டு கிடக்க, பெடியனைப் பாத்துச் சொல்லுறார், மார்பில ஒரு கட்டி இருக்கு, பயொப்சி செய்யவேணும், கான்சரா இருக்கலாம் எண்டு அம்மாட்டச் சொல்லு எண்டு. பெடியன் கொஞ்ச நேரம் பாக் வாரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். பிறகு தாயிட்ட, "ஊனா போலீத்தா, நாதா மாஸ்" எண்டான். சின்ன உருண்டை, வேற ஒண்டுமில்லை. எனக்கு அவ்வளவு ஸ்பானிஷ் விளங்கும். தாய் மகன்ர முகத்தைப் பாக்கேல்லை, டொக்டர்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவா.

94ல ஸ்காபரோவில டொக்டர் அப்பாவுக்குக் கிட்னி பழுதாப் போச்சு எண்டு சொல்ல, நான் "சீனி கொஞ்சம் கூடவாம் அப்பா" எண்டு சொன்னனான். எனக்கப்ப பன்னிரண்டு.

ஆபத்து அவசரம் தவிர பிள்ளையளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது எண்டு இஞ்ச சட்டம் இருக்கு, அரசாங்கக் காசு வாங்கிற எல்லா ஆசுப்பத்திரிக்கும் அது பொருந்தும், அதெல்லாம் பிறகு வாசிச்சு அறிஞ்சது. அண்டைக்கு நான் கையில ரெண்டு கதிரையோட வாசலில நிண்டனான். ஃபோனைக் கையால காட்டியிருந்தாலே போதும். பிறகு நேர்ஸிட்டச் சொல்லி, அவா போன் பண்ணித் திருப்பி விளங்கப்படுத்தினவா. அதுக்குள்ள பெடியனை வெளியில அனுப்பிப்போட்டினம். அவன் வெளிய இருந்து என்னை ஒருக்கால் பாத்தான். நான் காட்டிக்குடுத்திட்டன் எண்டு அவனுக்குத் தெரியும்.

மழைக்காக்கா

தீவகத்தான் அண்ணா, இதுக்கு என்ன எழுதறதுன்னே தெரியல.

ஆடிட்டர்_மாமா

மனசு கனத்துப் போச்சு. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், நிறைய ஆஸ்பத்திரில "என்ன மொழி" சுட்டிக் காட்டற அட்டை வச்சிருப்பா, அதை ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்கோ, மாம் மாதிரி மொழிக்கு ரெண்டு பேர் வச்சு ரிலே பண்ணுவா, மாம்லேர்ந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷ்லேர்ந்து இங்கிலீஷ், நேரம் ஆகும், பொறுமையா இருக்கணும்.

சாத்தூர்க்காரன்

மாமா நீங்க சொன்னது சரிதான், கோவமில்ல. ஆனா நீங்க சொல்ற மாதிரி ‘நாளைக்கு எனக்குத் தெரியாது’ன்னு சொல்லிருந்தா அவரு கையெழுத்து போட்டிருக்க மாட்டாரு. ஆறு வருஷமா ஒழுங்கா ஃபைல் பண்ணி அந்தக் கவர்ல அடுக்கி வச்சிருக்காரு, என்னைக்காச்சும் ஒரு ஜட்ஜ் முன்னாடி நிக்க வந்தா நான் வரி கட்டுனவன்னு காட்டறதுக்காம். போடலன்னா அது பாதில அந்துபோகும். போட்டா அட்ரஸ் போகலாம். ரெண்டுல எது நல்லதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

இந்த வருஷம் எங்க சைட்ல கூட்டம் பாதியாயிடுச்சு. ஐடிஐஎன் காரங்க ரொம்பக் கம்மி. அவரு வரல. இப்பல்லாம் யாராச்சும் அட்ரஸ் பத்திக் கேட்டா கோஆர்டினேட்டர் அடிச்சுக் குடுத்த ஒரு பேப்பர ஸ்பானிஷ்ல அவங்க கையிலேயே குடுத்துடறேன், வாயத் தொறக்கறதில்ல. அவங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். போன சனிக்கிழமை ஒருத்தர் முழுசா படிச்சாரு, மடிச்சு சட்டப் பாக்கெட்ல வச்சாரு, "கிராசியாஸ்"னு எந்திரிச்சுப் போய்ட்டாரு. ஃபைல் பண்ணல.

பேக்லாக்_பாண்டியன்

அடுத்த வருஷத்துக்கு அந்த வீட்டா பரீட்சை எப்ப வைப்பாங்க? சும்மா கேக்குறேன்.