கடலோரச் சிறுநகரம் ஒன்று எந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும்?

உப்புக்காற்று (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தென்கடலைப் பார்த்திருக்கும் ஒரு சிறுநகரத்தில் வசிக்கிறேன். எங்கள் பகுதியைச் சேர்ந்த முப்பது பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். ஊரின் நிலமும் நீரும் கடலும் மேலும் கெடாமல் இருக்க நிலைத்து நிற்கும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு உண்டு. எதில் தொடங்குவது என்பதில்தான் ஒவ்வொரு கூட்டமும் வாக்குவாதத்தில் முடிகிறது. ஒருவர் மரக்கன்று நடலாம் என்கிறார், இன்னொருவர் மாடிகளில் சூரியத் தகடு பொருத்தலாம் என்கிறார், இளைஞர்களோ கடற்கரையைக் கூட்டிச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள்.

நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த காலையில், ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் மேலுள்ள சிறு பாலத்தருகே நின்றிருந்தேன். மழைநீருக்கு முன்னால் கறுத்த சாக்கடை வந்தது. அதன் மேல் பால் பாக்கெட்டுகளும், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர்களும், மீன் பெட்டிகளின் தெர்மாகோல் துண்டுகளும் மிதந்து வந்தன. பாலத்தின் குழாய் வாயை அவை அடைத்ததும் தண்ணீர் தெருவுக்குத் திரும்பிவிட்டது. மாலையில் யாரோ கம்பியால் குத்தி அடைப்பை எடுத்துவிட, அத்தனையும் கடலுக்குப் போகும் ஓடையில் இறங்கிற்று. ஊருணியில் நான்கு விரற்கடை நீர்கூட ஏறவில்லை. இதைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு ‘அடுத்த வாரம் பார்க்கிறோம்’ என்று பதில் வந்து மாதங்கள் ஆகிவிட்டன.

எங்களிடம் பெரிய தொகை இல்லை. ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் உழைக்க முடியும். எதை முதலில் எடுக்கலாம்?

பழைய மேற்பார்வையாளர்

தம்பி, பல ஊர்களில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் ஈரக் குப்பையைப் பிடியுங்கள். நம் வீடுகளில் சேரும் குப்பையில் எடைக்கணக்கில் ஏறத்தாழ பாதி சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு போன்ற ஈரக் கழிவுதான். நாற்றமும் ஈயும் நாயும் எல்லாம் இந்தப் பாதியால் வருபவை. மற்ற பாதி தனியே கிடந்தால் அது சரக்கு. மீன் குடல் பட்ட அட்டைப்பெட்டியை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். படாத பெட்டியை எடை போட்டுக் காசு கொடுப்பார். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன என்பதால், சட்டத்தைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை.

ஆனால் வீடு வீடாகப் போய் ‘பிரித்துக் கொடுங்கள்’ என்று சொல்வதற்கு முன்பு, குப்பை வாங்க வரும் வண்டியைப் போய்ப் பாருங்கள். ஓர் அம்மா பச்சை வாளியிலும் நீல வாளியிலும் தனித்தனியே சேர்த்து வைத்திருக்க, அவர் கண்ணெதிரே இரண்டையும் ஒரே தொட்டியில் கவிழ்த்தால் மறுநாளிலிருந்து அவர் பிரிக்க மாட்டார். பிறகு நீங்கள் எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். வண்டியில் தடுப்புப் பலகை போடாமல் விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தினோம். ஊர்வலம் நன்றாக நடந்தது, அவ்வளவுதான். ஆகவே தடுப்புள்ள வண்டி முதலில், வாளி அடுத்தது, பேச்சு கடைசியில். வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளர்களைக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வீடு எதைக் கலக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

உரமாக்குவது பெரிய வித்தை அல்ல. ஈரக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ கன அளவில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கலந்து, அடியில் காற்று புகும்படி குவித்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். குவியலின் நடுவில் கைவிட்டால் சூடு தெரிய வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு போதாது. பிடி விட்டதும் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. அழுகிய நாற்றம் வருவது காற்று போகவில்லை என்பதன் அறிகுறியே தவிர, உரக்கிடங்கென்றாலே நாறும் என்று நினைத்துவிடக் கூடாது. நம் வெயிலுக்கு ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் மண்வாசனை வந்துவிடும்.

மீன் குடல், செதில் ஆகியவற்றை மட்டும் குவியலின் மேலே போடாதீர்கள். நாயும் காகமும் தெரு முழுக்க இழுத்துப் போட்டுவிடும். நடுவில் குழி பறித்துப் புதைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மூட வேண்டும். இல்லாவிட்டால், சம எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து மூடிய வாளியில் மூன்று வாரம் ஊறவைத்தால் மீன் அமிலமாகிவிடும். தோட்டக்காரர்கள் தேடி வந்து வாங்கிக்கொள்வார்கள்.

ஊற்றுநீர்

ஐயா சொன்னவை அனைத்தும் சரி என்றாலும், கேள்வி கேட்ட சகோதரரின் பாலத்தை அவர் தாண்டிப் போய்விட்டார். புவியியல் கற்பிப்பவள் என்பதால் நான் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

நம் கடற்கரை மணலில் மூன்று நான்கு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கடல் பத்தெட்டில் இருக்க, அங்கே ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றும் பெண்களை இப்போதும் பார்க்கலாம். பார்ப்பவர்களுக்கு அதிசயம், காரணம் எளியது. மழையில் இறங்கிய நன்னீர், எடை கூடிய உப்புநீரின் மேல் ஓர் ஏட்டைப் போல மிதக்கிறது. அந்த ஏடு மிக மெல்லியது. நன்னீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறி வரும் என்பது கணக்கு. மோட்டார் வைத்து ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கரித்துப் போவது இதனால்தான். ஊருணியும் கண்மாயும் நிறைந்தால் அந்த ஏடு மேலிருந்து தடிக்கும். எனவே, உங்கள் பாலத்தடியில் அடைபட்டது ஊருணித் தண்ணீர் மட்டுமன்று, தெருவிலுள்ள கிணறுகளின் தண்ணீரும்தான்.

நம் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 80,000 லிட்டர் விழுகிறது; ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் மிஞ்சும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003இல். அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சுவரில் தொங்குகின்றன. கீழ் முனை எங்கே போகிறது என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது. முப்பது பேரும் தத்தம் வீட்டுக் குழாயின் கீழ் முனையைத் தேடுவதே ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

இன்னொன்றைத் தயக்கத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை. கழிவறைத் தொட்டி. மணற்பாங்கான நம் தெருக்களில் தொட்டியின் அடியைப் பூசாமல் விட்டுவிட்டால் ‘நிறையவே இல்லை’ என்று பெருமைப்படுகிறோம். நிறையாத தொட்டியிலிருந்து கசிவது பக்கத்து ஊற்றில்தான் ஊறுகிறது. அடி பூசிய தொட்டியும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுப்பதும், அந்த லாரி கண்மாய்க்குள் திறந்துவிடாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா என்று கேட்பதும் மரம் நடுவதைவிட அவசரமானவை.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் நின்றால் தூரோடு எடுக்க வேண்டும்; மேலே வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடியும் தழைத்துவிடும். ஆனால் ஊரெங்கும் ஒரே மூச்சில் அழிக்கக் கிளம்பாதீர்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். நீர்வழியில் நிற்பதை முதலில் அவர்களையே கொண்டு எடுக்கச் செய்தால் இரு பக்கமும் பயன். அந்த இடத்தின் கரையில் பனை விதை ஊன்றலாம். நம்மூர்க் கண்மாய்களின் மதிப்பு அறியாதவர்களுக்கு: இராமநாதபுரத்தை ஒட்டியுள்ள சக்கரக்கோட்டைக் கண்மாய் 2025இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. உழவுக்காகத் தேக்கிய நீரில்தான் அத்தனை பறவைகளும் வந்து இறங்குகின்றன.

மின்கம்பி

சூரியத் தகடு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில். நம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது. வெயிலுக்கு நம்மிடம் குறைவில்லை. வீடுகளுக்கு 2024இல் வந்த ஒன்றிய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கடற்காற்றில் சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் துத்தநாகம் தோய்த்த சட்டமோ அலுமினியமோ கேட்டு வாங்குங்கள். இதை அவரவர் வீட்டு முடிவாக விட்டுவிடலாம். குழுவின் நேரத்தை இதில் செலவழிக்க வேண்டாம்.

வலையும் வள்ளமும்

கடலில் இருப்பவன் சொல்கிறேன். கடற்கரையைக் கூட்டுவதை நான் குறை கூறவில்லை. ஆனால் கையுறை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு போன மறுவாரம், தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று அதே அளவு குப்பையைத் தென்கடற்கரையில் ஒதுக்கிவிடும். இரண்டு பொருள்களை மட்டும் கவனியுங்கள்: அறுந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலை, தெர்மாகோல் பெட்டி. முன்பு மீன் ஓலைப்பெட்டியில் போனது. இப்போது உடைந்த தெர்மாகோல் பெட்டி முத்து முத்தாக உதிர்ந்து, மீன் அதை இரையென்று விழுங்குகிறது. ஏலக்கூடத்தில் கனத்த பிளாஸ்டிக் கூடைகளை முன்பணம் வாங்கிக்கொண்டு சுற்றுக்கு விட்டால் தெர்மாகோல் பாதி குறையும். வலைக்கு, இறங்குதளத்திலேயே ஒரு தொட்டி வைத்து எடைக்குப் பணம் கொடுங்கள். கிலோவுக்குச் சிறு தொகை கிடைத்தாலும் கடலில் அறுத்துவிட மனம் வராது.

எங்களுக்கு எதிரே, தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுக்குப் போகாதே என்று எங்களுக்குச் சொல்கிறார்கள். ஊரின் சாக்கடைக்கு யாரும் சொல்வதில்லை. கலங்கிய நீரில் வெயில் அடிவரை இறங்காவிட்டால் கடல்புல் செத்துவிடும். கடல்புல் போனால் அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு போகும். அதில் ஒதுங்கி வளரும் இறாலும் நண்டும் ஓரா மீனும் போகும். ஆகையால் அந்தப் பாலத்தடி எங்களுக்கும் சேர்த்துத்தான்.

உப்புக்காற்று (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. குப்பை, தண்ணீர், கடல் என மூன்று வேலைகளாக நாங்கள் பிரித்துச் சண்டையிட்டோம். மூன்றும் அந்த ஒரே குழாய் வாயில்தான் வந்து நிற்கின்றன என்பதை எழுதியவன் நானாயிருந்தும் நானே கவனிக்கவில்லை. நேற்று மாலை நான்கு பேர் பாலத்திலிருந்து மேற்கே வரத்துக்கால் ஓரமாக நடந்து பார்த்தோம். 140 வீடுகள் அதன் ஓரத்தில் இருக்கின்றன. 23 வீடுகளின் குளியலறைக் குழாய் நேராக அதில் திறந்திருக்கிறது. அதில் ஒன்று எங்கள் குழுச் செயலாளருடையது. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அந்த 140 வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஈரக் குப்பையைப் பிரித்து வாங்குவதையும், குளியலறை நீரைத் திருப்பி வாழையும் கல்வாழையும் நட்ட பாத்தியில் விடுவதையும் ஒருசேரச் செய்ய நினைக்கிறோம். வண்டித் தடுப்புக்கும் வரத்துக்கால் தூர்வாரலுக்கும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானம் கேட்போம். ஐப்பசிக்கு முன் முடியுமா?

பழைய மேற்பார்வையாளர்

140 வேண்டாம் தம்பி. பாலத்துக்கு மிக அருகிலுள்ள முப்பது வீடுகளில் தொடங்குங்கள்; செயலாளர் வீட்டுக் குழாயை முதல் நாளே திருப்பிவிடுங்கள், மற்றவர்களிடம் பேச வாய் வரும். பாத்தியை ஊற்றுத் தோண்டும் இடத்துக்கு அருகில் போடாதீர்கள், கழிவறைத் தொட்டிக் கசிவைப் பற்றி ஊற்றுநீர் அம்மா சொன்னது நினைவிருக்கட்டும். குழாய் வாய்க்கு இரண்டு முழம் முன்னால் சாய்வாக ஒரு கம்பி வலைத் தடுப்பு வையுங்கள். கம்பிகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி போதும். மழை நாளில் அதைக் கிளறிவிட யார் முறை என்று புரட்டாசியிலேயே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.