குகை (சேலம்) வீட்டு குரூப்: கடலூருக்கு வேனா, காரா?

ஆகஸ்ட் 22, 2021, ஞாயிறு

கார்த்தி: செய்தி பார்த்தீர்களா? கொரோனாவுக்காக மூடின கடற்கரை எல்லாம் நாளையிலிருந்து திறக்கிறார்கள். தியேட்டரும் பாதி சீட்டோடு. ஆயா போன வருஷத்திலிருந்து கடலில் கால் நனைக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. புதன்கிழமை தேவனாம்பட்டினம் போய் வரலாமா?

சாந்தி சித்தி: தியேட்டர் பேச்சே வேண்டாம் கண்ணு. கடல் என்றால் சரி. ஆனால் கடலூர் தூரமாச்சே, ஏற்காடு போனால் மதியத்துக்குள் வீடு வந்து சேரலாம்.

ரம்யா: சித்தி, ஆயா கேட்டது கடல். ஏற்காட்டில் ஏரிதான் இருக்கு. இந்த மாதம் சனி ஞாயிறில் மேலே விடுவதும் இல்லை, மற்ற நாளில் அடிவாரத்திலேயே ஊசி போட்ட சான்றிதழ் கேட்கிறார்களாம். அப்புறம் செப்டம்பர் 1 எனக்குப் பள்ளி திறக்கிறது, பத்தாம் வகுப்பு. இந்த வாரம் விட்டால் என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கார்த்தி: நண்பனிடம் வேன் இருக்கு. எல்லாரும் ஒன்றாக ஏறிவிடலாம், ஏசி, டிவி எல்லாம் உண்டு. ஒரே வாடகை.

பெரியப்பா: நல்ல யோசனை. பெட்ரோல் மூன்று ரூபாய் குறைத்தும் இன்னும் நூறை ஒட்டித்தான் நிற்கிறது. இரண்டு கார் எடுத்தால் கட்டாது.

விஜி அண்ணி: வேன் வேண்டாம். பெரிய மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆஸ்பத்திரி வார்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கடற்கரையைப் பற்றி எனக்குப் பயமே இல்லை, காத்து அடித்துக்கொண்டே இருக்கும், தள்ளித் தள்ளி நிற்கலாம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போட்டு, ஒருத்தர் விட்ட மூச்சையே எல்லாரும் இழுத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு வேறு பாடிக்கொண்டு போவோம் பாருங்கள், அங்கேதான் ஒட்டும். நாம் என்னடா என்றால் மணலில் மாஸ்க் போடலாமா வேண்டாமா என்று பேசுகிறோம்.

கார்த்தி: அண்ணி, எல்லாருக்கும் ஊசி போட்டாச்சே?

விஜி அண்ணி: யாருக்கு? சாந்தி சின்னத்தை கோவிஷீல்டு முதல் ஊசி ஜூலையில்தான் போட்டார்கள், 84 நாள் கழித்து அடுத்தது, அப்படியென்றால் அக்டோபர். ரம்யாவுக்கும் குட்டிகளுக்கும் ஊசியே வரவில்லை. ஆயாவுக்கு இரண்டும் ஆச்சு, ஆனால் சர்க்கரை.

செந்தில் மாமா: விஜி சொல்வதைக் கேளுங்கப்பா. ஜூன் மாதம் இரும்பாலையில் போட்ட ஆக்சிஜன் படுக்கையில் கிடந்தவன் நான். பக்கத்துப் படுக்கைக்காரர் ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார், காலையில் படுக்கை காலி, எங்கே போனார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் வரவில்லை. நீங்கள் போங்கள், ஆனால் வேனில் போகாதீர்கள்.

பெரியப்பா: சரி, கார். பெட்ரோல் பங்கு போட்டுக்கொள்வோம். யார் யாரோடு என்று விஜியே சொல்லட்டும்.

விஜி அண்ணி: ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே காரில். ஆயா முன் சீட்டில். ஏசி கிடையாது, கண்ணாடி நாலும் இறக்கித்தான் இருக்கும். ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பாடும் கிடையாது.

சாந்தி சித்தி: அதை என்னிடம் விடு. புளிச்சோறு, தயிர்சோறு. தட்டுவடை செட்டும் உண்டு. ஆனால் இங்கேயே அடுக்கிக்கொண்டு போனால் ஆத்தூர் தாண்டுவதற்குள் நமத்துப் போகும், அதனால் தட்டுவடை தனி, பீட்ரூட் கேரட் துருவல் தனி, இரண்டு சட்னியும் தனித்தனி டப்பா. மணலில் உட்கார்ந்து அவரவர் அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 25, புதன்

கார்த்தி: உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சு. விடிகாலைக் காத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆயா மட்டும் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பெரியப்பா: பண்ருட்டியில் நிறுத்து. பலா சீசன் முடிந்தது, முந்திரியாவது வாங்கலாம்.

ரம்யா: வந்துவிட்டோம்!! கூட்டமே இல்லை. மாமாவுக்காகப் போட்டோ போடுகிறேன். ஆயா முதலில் கிட்டேயே வரவில்லை, "இதென்னடி மேட்டூர் அணையைத் திறந்துவிட்ட மாதிரி சத்தம்" என்றது. அப்புறம் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றது பாருங்கள், அலை போகும்போது காலடி மணல் கரைந்து கால் புதையப் புதைய என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. இப்போது கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது.

செந்தில் மாமா: அக்காகாரி போட்டோவில் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருக்கிறாளே?

சாந்தி சித்தி: அலை அடித்து நனைந்துவிட்டதுடா. நனைந்த துணி மூக்கோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு விட முடியுமா?

விஜி அண்ணி: நனைந்ததைக் கழற்றிவிடுங்கள் சின்னத்தை, என் பையில் வேறு இருக்கிறது. பசங்களை ஆற்று முகத்துவாரம் பக்கம் விடாதீர்கள், கெடிலம் வந்து சேரும் இடத்தில் இழுப்பு அதிகம்.

கார்த்தி: இங்கே சுண்டல் விற்கிற அம்மா தடுப்பூசிச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கடைக்காரர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவாம். மே மாதத்துக்குப் பிறகு இந்த வாரம்தான் கூடையை எடுத்தாராம். நான் வாங்கிவிட்டேன், அண்ணி திட்டினாலும் சரி.

விஜி அண்ணி: திறந்த வெளியில் நின்று சாப்பிடுகிற சுண்டலுக்கு ஏன் திட்டப் போகிறேன்? எனக்கும் ஒன்று வாங்கு, மாங்காய் தூக்கலாக.

பெரியப்பா: துறைமுகத்தில் சங்கரா மீன் நன்றாக இருந்தது. ஐஸ் பெட்டியோடு எடுத்து வருகிறேன். செந்திலுக்கும் பங்கு உண்டு, வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் 28, சனி

விஜி அண்ணி: மூன்று நாள் ஆச்சு. யாருக்காவது காய்ச்சல், தொண்டை வலி? மே மாதம் மாதிரி மறைக்காமல் சொல்லுங்கள். வாசனை தெரியாமல் போனாலும் உடனே சொல்லணும்.

சாந்தி சித்தி: இங்கே ஒன்றும் இல்லை. ஆயாவுக்குக் கால் வலி மட்டும்.

பெரியப்பா: எனக்கு இன்னும் கையிலிருந்து மீன் வாடை போகவில்லை விஜி. மூக்கு பிரமாதமாக வேலை செய்கிறது.