மறு: 'ஓவர்லப்' என்பதற்குத் தமிழ்: தயவுசெய்து 'திறப்பு' வேண்டாம்

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம். எஞ்சினில காத்து வாற வால்வும் புகை போற வால்வும் கொஞ்சம் ஒண்டாத் திறந்து கிடக்கிறதைத்தான் ஓவர்லப் எண்டுறது. அந்த வால்வுகளைத் தள்ளித் திறக்கிறது கேம்.

> கேமுக்கு 'நெம்புருள்' ஏற்கெனவே உண்டு. ஓவர்லாப்புக்கு 'மேற்கவிவு' என்று வைத்தால் முடிந்தது. பிடிக்காவிட்டால் 'உடன்திறப்பு'. இதற்கு எதற்குப் பத்து மடல்?

தங்கச்சி, பதினோராவது மடலும் நான்தான் எழுத வேண்டிக் கிடக்கு. என்ரை கராச் மேசையில இப்ப ஒரு மிற்சுபிசி எவோ 6 காரின்ரை ஹெட் (வால்வுகள் இருக்கிற எஞ்சின் மேல்பாகம்) கழட்டி வைச்சிருக்கு. 4ஜி63, ரேர்போ எஞ்சின்: வெளியில போற புகை ஒரு சில்லைச் சுத்தி, காத்தை அமுக்கி உள்ள தள்ளும். 272 பாகை கேம் சாப்ற் (பிஸ்ரன் சுத்திற கிராங் தண்டு 272 பாகை திரும்புமட்டும் வால்வைத் திறந்து வைக்கிறது) ரெண்டு பெட்டியில வந்து இறங்கியிருக்கு. பூட்ட முதல் என்னோட வேலை பழகிற பெடியள் ரெண்டு பேருக்கும் தமிழில ஒரு தாள் எழுதிக் குடுப்பம் எண்டு வெளிக்கிட்டன். மாட்டினது இந்தச் சொல்லிலதான்.

நெம்புருளோட எனக்குச் சண்டை இல்லை. ஆனா கேம் கேமாவே இருக்கட்டும். 19ஆம் நூற்றாண்டில மானிப்பாயில இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்ச சாமுவேல் கிறீன், வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' எண்டே பெயர் வைச்சவர். அவருக்கில்லாத கூச்சம் எனக்கெதுக்கு? பெடியன் கையில பிடிச்சுப் பார்க்கிற சாமானுக்கு எந்தப் பெயரும் ஒட்டும். கையில பிடிக்க ஏலாததுக்குத்தான் நல்ல சொல் வேணும். ஓவர்லப் கையில பிடிக்க ஏலாது.

நடக்கிறது இதுதான். பிஸ்ரன் புகையைத் தள்ளிக்கொண்டு உச்சிக்கு வருது. புகை போற வால்வு இன்னும் முழுக்க மூடேல்லை. காத்து வாற வால்வு அதுக்குள்ள திறக்கத் தொடங்கீட்டுது. கொஞ்ச நேரம் ரெண்டு வாயும் திறந்தபடி. தோட்டத்தில தண்ணி மாறின ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அடுத்த பாத்தியின்ரை வாயை வெட்டிவிட்டுத்தான் நிறைஞ்ச பாத்தியை மண் போட்டு மறிக்கிறது. அந்த ஒரு மண்வெட்டி நேரம் ரெண்டு பாத்திக்கும் தண்ணி ஓடும்.

'மேற்கவிவு' எண்டு தாளில எழுதிக் காட்டினன். சின்னவன் வாசிச்சுப்போட்டு, "அப்ப ரெண்டு வால்வும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி முட்டுமோ அண்ணை?" எண்டு கேட்டான். அவனில பிழை இல்லை. கவியிறது எண்டா அவனுக்குக் கிடுகு வேலிதான் தெரியும். இங்கிலீசுச் சொல்லின்ரை படத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தம், நடக்கிற காரியத்தைக் கொண்டுவரேல்லை.

'உடன்திறப்பு' சென்னையில நல்லாத்தான் இருக்கும். இங்க உடன் மீன், உடன் கள்ளு எண்டா அப்பதான் பிடிச்சது, அப்பதான் இறக்கினது. திறப்பு எண்டா நீங்கள் சொல்லிற சாவி. ஆக, யாழ்ப்பாணத்தான் காதில உடன்திறப்பு எண்டா இப்பதான் வெட்டின புதுச் சாவி. நானும் முதல்ல 'இருவாய்த் திறப்பு' எண்டு நினைச்சுப் பிறகு விட்டன். அதைக் கேட்டா பெடியன் போய் ரெண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பனரைத்தான் எடுத்துக்கொண்டு வருவான்.

> ரேர்போவில் ஓவர்லப் கூடினால் புகை திரும்பி உள்ளே வருமே, 'புகைமீள்வு' என்றால் என்ன?

அது விளைவு அண்ணை, பொருள் இல்லை. ரேர்போ இல்லாத எஞ்சினில வெளியில போற புகை புதுக்காத்தையும் இழுத்துவிடும். முன்கதவும் பின்கதவும் திறந்த வீட்டுக்குள்ளால சோளகக் காத்து அடிக்கிற மாதிரி, இருவாய் அங்க லாபம். ரேர்போவில ரேர்பைன் சில்லு புகையின்ரை வழியை மறிச்சுக்கொண்டு நிக்குது. புகைப் பக்க அமுக்கம் காத்துப் பக்கத்தைவிடக் கூடினா அடுப்படிப் புகை விறாந்தைக்கு வாற கதைதான். பெரிய ரேர்போ போட்டு அந்த அமுக்கத்தைக் குறைச்சா அதே திறப்பு (பாருங்கோ, எனக்கே வாயில வருது!) திரும்பவும் லாபமாகும். நட்டத்தை மட்டும் சொல்லிற பெயரை எப்படி வைக்கிறது?

அதனால என்ரை முன்மொழிவு: புகை போறது வெளிவாய், காத்து வாறது உள்வாய், ரெண்டும் சேர்ந்து திறந்து கிடக்கிறது இருவாய். அளவு சொல்லேக்க இருவாய்ப் பாகை. பொழுது, நேரம் எண்ட சொல் ஒண்டும் சேர்க்கேல்லை. ஏனெண்டா இது கிராங்கின்ரை பாகையில அளக்கிறது, மணிக்கூட்டில இல்லை.

கணக்கில வைச்சுப் பாருங்கோ. ரெண்டு கேமும் 272, வால்வை ஆகக்கூடத் திறக்கிற ரெண்டின்ரை உச்சமும் பிஸ்ரன் உச்சியில இருந்து 110 பாகை தள்ளி நிக்குது எண்டா, 272 இல ரெண்டு 110, அதாவது 220 போக இருவாய் 52. அதையே 114க்குத் தள்ளினா இருவாய் 44. கேம் கிராங்கின்ரை அரைவாசி வேகத்தில சுத்துறதால கேம் கியரில ஆளுக்கு 2 பாகைதான் திருப்ப வேணும். உள்வாய்க் கேமைப் பின்னுக்கு, வெளிவாய்க் கேமை முன்னுக்கு. ஒற்றைக் கேம் எஞ்சினில இந்த விளையாட்டு இல்லை, கேமை அரைச்சவன் வைச்சதுதான். (272 எண்டதை வால்வு எவ்வளவு உயர்ந்த இடத்தில இருந்து அளந்தது எண்டும் தாளில எழுத வேணும். ஆளுக்காள் வேற வேற உயரத்தில அளக்கிறாங்கள்.)

நன்றி.
கொக்குவிலில இருந்து

——

அண்ணா, 'திறப்பு' சாவி என்பது இன்றுதான் தெரியும், மன்னிக்கவும். ஆனால் இருவாய் என்றதும் எனக்கு இருவாய்ச்சிப் பறவைதான் பறந்து வந்தது. பரவாயில்லையா?

——

தங்கச்சி, எங்கட பக்கம் அந்தப் பறவை இல்லை. பெடியள் குழம்ப மாட்டாங்கள்.

இண்டைக்குச் சொல்லைக் கராச்சில விட்டுப் பார்த்தன். வால்வு பிஸ்ரனில முட்டாம இடைவெளி காணுமோ எண்டு பார்க்க, பிஸ்ரன் தலையில கிளே (களிமண்) அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெற்றோட பூட்டி, கையால கிராங்கை ரெண்டு சுத்து. வால்வின்ரை இடைவெளியை எண்ணெய் அமுக்கத்தில சரிக்கட்டிற ஹைட்ரோலிக் அட்ஜஸ்ரர் அமுங்கினா அளவு பொய் சொல்லும் எண்டு வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங்தான் போட்டிருந்தம். பிறகு கழட்டி, கிளேயை பிளேட்டால வெட்டி வேர்னியரால அளந்தான் சின்னவன். வெளிவாய்ப் பக்கம் 2.7 மில்லிமீற்றர், உள்வாய்ப் பக்கம் 1.8. வெளிக்கு 2.5, உள்ளுக்கு 2 எண்டதுதான் நாங்கள் பார்க்கிற குறைஞ்ச அளவு.

நான் ஒண்டும் சொல்லேல்லை. அவன் தாளைப் பார்த்தான், கேம் கியரைப் பார்த்தான். "அண்ணை, உள்வாயை ரெண்டு பாகை பின்னுக்குப் போட்டா அது பிந்தித் திறக்கும். பிஸ்ரனுக்கும் இடம் கிடைக்கும், இருவாயும் குறையும். திரும்பக் கிளே வைக்கட்டோ?"

வைக்கச் சொல்லியிருக்கிறன். அளவு நாளைக்கு.