மறு: 'பயோடிகிரேடபிள்' – கார் ஷாம்புவுக்கு 'மக்கும்' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் ஷாம்பு லேபிளில் வரும் 'பயோடிகிரேடபிள்' (நுண்ணுயிர்களால் சிதையக்கூடியது) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடிய இந்த இழை, 'மக்கும்' சரியா, 'மட்கும்' சரியா என்ற பக்கம் திரும்பிவிட்டது. அகராதிச் சான்றுகளைத் தேடித் தந்த புலவர் ஐயாவுக்கு நன்றி. ஆனால் எழுத்து எதுவானாலும், அந்தச் சொல்லைக் கார் ஷாம்பு புட்டியின் மீது அச்சிடக் கூடாது என்பதே என் கட்சி.

> 'மக்கும்' குப்பைத்தொட்டி வரை போய்ச் சேர்ந்துவிட்ட சொல். எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்க, புதிதாக ஏன் படைக்க வேண்டும்?

அம்மா, எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் இங்கே சிக்கல். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி என்று பழகிவிட்டோம். 'மக்கும்' என்றாலே எருவாகும், செடிக்கு நல்லது என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. வாழைப்பழத் தோலுக்கு அது சரி. ஷாம்புவுக்கும் அதே சொல்லை வைத்தால், காரைக் கழுவிய நீரைத் துளசிச் செடிக்கு ஊற்றினாலும் குற்றமில்லை என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். விற்பவருக்கும் அதுதானே வேண்டும்!

அந்த லேபிள் உண்மையில் சொல்வது என்ன? ஷாம்புவில் அழுக்கை நீக்குவது பரப்பு இழுவிசையைக் குறைக்கும் மூலக்கூறு. அதற்கு நீரை நாடும் ஒரு தலை, எண்ணெயை நாடும் ஒரு கார்பன் வால். பாக்டீரியா அந்த வாலை நுனியிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துக்கொண்டே வரும். வால் நேராக இருந்தால் வேலை சுலபம். பல இடங்களில் கிளைத்திருந்தால் முடங்கிவிடும். 1950களில் கிளைவால் கொண்ட ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட்டு என்ற சலவைப்பொருள் சிதையாமல் தங்கியதால் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை குவியல் குவியலாக மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி 1964-இல் நடைமுறைப்படுத்தியது. தொழிற்சாலைகளும் நேர்வால் வகைக்கு மாறின.

இன்று பெரிதும் கையாளப்படும் அளவுகோல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வகுத்த 301 வரிசைச் சோதனைகள். 28 நாளில், சோதனை வகைக்கேற்ப சிதைவு 60 அல்லது 70 விழுக்காட்டைத் தொட்டால் 'எளிதில்' என்ற அடைமொழி கிடைக்கும். இது ஆய்வுக்கூடக் குடுவைக்குள், நுண்ணுயிர் சேர்த்து, ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டு நடத்தும் சோதனை. தெருவில் கழுவிய நீரோ மழைநீர் வடிகாலில் இறங்கினால் சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமே போகாது. சென்னையில் நேராகக் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போய்விடும். மீனின் செவுள் 28 நாள் பொறுத்திருக்குமா?

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சிதைவு என்பது ஒரே படியில் முடிவதில்லை. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துப்புரவுப் பொருள்களில் நெடுங்காலம் புழங்கியது. நுண்ணுயிர்கள் அதன் எத்தாக்சிலேட்டுச் சங்கிலியைக் கடித்துக் குறைத்துவிடும், நுரையும் அடங்கிவிடும். பிறகு மிஞ்சும் நோனைல்ஃபீனால் மீன்களுக்குத் தாய்ப்பொருளைவிடக் கூடுதல் நஞ்சு; ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன் போலவும் வேலை செய்யும். சிதையச் சிதையக் கேடு கூடிய பொருள் இது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஆணை பிறப்பித்து, 2005 முதல் துப்புரவுப் பொருள்களில் இதை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. நாம் படைக்கும் சொல்லில் பாதியில் நிற்பது, முழுதாக முடிவது என்ற இரண்டு படிகளுக்கும் இடம் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர் முன்வைத்த 'பிரிந்தழிதல்' செவிக்கு இனியது. ஆனால் அதிலுள்ள 'அழிதல்' எல்லாம் தீர்ந்துபோனதாகக் காட்டுகிறது. நோனைல்ஃபீனால் விஷயத்தில் பிரிகிறது, அழிவதில்லை. 'உயிரிச்சிதைவு' நூல்களில் இருக்கிறது என்பது தெரியும். 'உயிரிச்சிதைவு ஷாம்பு' என்று லேபிளில் படித்தால் உயிர்களைச் சிதைக்கும் ஷாம்பு என்றுதான் எனக்குப் படும். (அடர்கரைசலைக் குளத்தில் கொட்டினால் அதுவும் உண்மைதான்!)

என் பரிந்துரை 'நுண்செரிப்பு'. பெயரடையாக 'நுண்செரிக்கும்'. நுரைக்கும் தன்மை போய், மூலக்கூறு பாதியில் நிற்கும் படி 'அரைச்செரிப்பு'. கார்பன் டைஆக்சைடு, நீர், தாது உப்பு, நுண்ணுயிரின் உடற்பொருள் என்று முடியும் படி 'முழுச்செரிப்பு'. செரிக்க நேரம் பிடிக்கும், அளவு மீறினால் செரிக்காது என்பதெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நல்லது, கெட்டது என்ற தீர்ப்பும் இந்தச் சொல்லில் இல்லை. முழுதாகச் செரிக்கும் பொருளும் தேங்கிய குட்டையில் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் அல்லவா? பாடநூல்களில் உள்ள 'ஆக்சிஜன் தேவை' (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு) என்ற சொல்லோடும் இது இசைந்து போகும்.

ஒரு மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன்: 'செரிவு' என்று வைத்தால் கரைசலின் 'செறிவு' என்பதோடு குழம்பும். இரண்டும் பாதுகாப்புத் தரவுத் தாளின் ஒரே பக்கத்தில் வரக்கூடியவை. அதனால்தான் 'செரிப்பு' என்றேன்.

லேபிளுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இதிலுள்ள நுரைப்பொருள் 28 நாள் சோதனையில் நுண்செரிப்பது. கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விட வேண்டாம்." இரண்டாம் வரி இல்லாமல் முதல் வரியைத் தனியாக அச்சிட நான் உடன்படமாட்டேன், நிறுவனத்தார் இடமில்லை என்பார்கள், புட்டியில் கார் படத்தைச் சற்றுச் சிறிதாக்கட்டும்.

வேதியியல் கற்பிக்கும் நண்பர்கள் 'அரைச்செரிப்பு' வகுப்பறையில் நிற்குமா என்று சொல்லுங்கள். அதற்கு 'முதற்படிச் சிதைவு' என்பதே போதும் என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள்.

பி.கு.: மெழுகு, பூச்சு லேபிள்களில் வரும் 'ஹைட்ரோபோபிக்' என்பதற்கு 'நீர்வெறுக்கும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'நீர்விலக்கும்' பிடிக்கிறது. அந்தப் பூச்சுகளில் சிலவற்றில் உள்ள ஃபுளூரின் சேர்மங்கள் எளிதில் செரிக்காதவை என்பதால் அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது.