அவசரம்: கேமில பாட்டு இழுத்து இழுத்து ஓடுது, ஆல்பத்துல சரியா இருக்கு

கொட்டாஞ்சேனை_ரவுட்டர்:
மச்சான்மார் உதவி, ஆல்பத்தையும் கேமையும் பக்கத்துல வச்சு கேட்டு ஒண்டு எழுதலாம் எண்டு இருந்தன், அதே பாட்டு கேமில ஸ்லோவா போகுது, கம்ப்யூட்டர்ல சவுண்ட் டிரைவர் சொஃப்ட்வெயார் எல்லாம் மாத்தியாச்சு, ரெண்டு நாளா மண்டை காயுது. இண்டைக்கு இரவுக்குள்ள முடிக்கணும்

வெள்ளவத்தை_வயர்:
எந்த கேம்? எந்தப் பாட்டு?

பம்பலப்பிட்டி_பொடியன்:
ஸ்லோ எண்டா ரேம் தான் ப்ரோ. யூனிட்டி பிளாஸால 8 ஜிபி ஒண்டு வாங்கிப் போடுங்க

பழைய_சிடி:
ரேமுக்கும் பாட்டுக்கும் என்ன தம்பி சம்பந்தம். விவரம் போடாம கேள்வி கேக்காதீங்க எண்டு எத்தின தரம் சொல்றது. கம்பாட்டிபிலிட்டி மோட்ல, அதான் பழைய விண்டோஸ் மாதிரி நடிச்சு கேமை ஓட்டுற செட்டிங்ல, விண்டோஸ் 98 போடுங்க, சரியாகும்

கொட்டாஞ்சேனை_ரவுட்டர்:
ஓ சொறி. ஆல்பம் பாடகர் டேவிட் போவிட ஹவர்ஸ், கேம் ஓமிக்ரோன். தேர்ஸ்டேஸ் சைல்ட் பாட்டு. விண்டோஸ் 10. 98 போட்டும் அதே

வெள்ளவத்தை_வயர்:
சாம்பிள் ரேட்டா இருக்கும், அதான் செக்கனுக்கு எத்தின தரம் சத்தத்தை அளந்து பதியிறது எண்ட கணக்கு. 48,000ல பதிஞ்சதை 44,100ல ஓட்டினா 8 வீதம் மெதுவாகும், குரலும் தடிச்சிடும். கேமில ஆக்கள் கதைக்கிறது எப்பிடிக் கேக்குது? அதுவும் இழுத்தா இதுவா இருக்கலாம்

பழைய_சிடி:
ரெண்டும் 1999ல வந்தது, முதல்ல ஆல்பம், கேம் சும்மா விளம்பரம்

தெமட்டகொட_டேப்:
விளம்பரமா? போவியும் அவரிட கிட்டாரிஸ்ட் ரீவ்ஸ் கேப்ரல்ஸும் கேமுக்கே இசை போட்டவங்க அண்ணை, போவி உள்ளுக்குள்ள போஸ் எண்ட பாத்திரமாவும் வாறார், கள்ளமா கச்சேரி வைக்கிற பேண்ட்ல பாடியும் இருக்கார். பேண்ட் பேர் தி ட்ரீமர்ஸ், ஆல்பத்துல கடைசிப் பாட்டுப் பேரும் அதுதான்

பழைய_சிடி:
பேர் ஒண்டா இருந்தா போதுமா. குவேக் எண்ட கேமை பாருங்க, அதிட சிடியை சாதாரண ப்ளேயர்ல போட்டா ரெண்டாவது ட்ராக்ல இருந்து பாட்டு ஓடும், அதுதான் கேமும் ஆல்பமும் ஒண்டா இருக்கிறது

தெமட்டகொட_டேப்:
அது வேற கதை. தம்பிக்கு பதில்: பழுதே இல்ல. 2004ல ஹவர்ஸ் போனஸ் சிடியோட திரும்ப வந்தது, அதுல தேர்ஸ்டேஸ் சைல்ட் ‘ஓமிக்ரோன் ஸ்லோவர் வெர்ஷன்’ எண்டே போட்டிருக்கு. ட்ரீமர்ஸ்ட நீள வெர்ஷனும் இருக்கு

பழைய_சிடி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தன்

கொட்டாஞ்சேனை_ரவுட்டர்:
ஆக்கள் கதைக்கிறது சரியாத்தான் கேக்குது. அப்ப பாட்டே அப்பிடித்தானா, ஐயோ டிரைவர் எல்லாம் அழிச்சிட்டனே. தேங்ஸ் அண்ணை

வெள்ளவத்தை_வயர்:
எழுதினதும் லிங்க் போடுங்க

பம்பலப்பிட்டி_பொடியன்:
ப்ரோ ரேம் வாங்கிட்டீங்களா