புதுப்பிப்பு: ஜெலுத்தோங் வீட்டில் அடுப்படி கூட்டிக் கட்டுவது

பின்பக்க அடுப்படியைக் கூட்டிக் கட்ட அனுமதி தேவையா, கட்டட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் "பிளான் எல்லாம் வேண்டாம்ணே" என்கிறாரே என்று முன்பு கேட்டிருந்தேன். தேவைதான். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (133ஆவது சட்டம்), 70ஆம் பிரிவு: அங்கீகரித்த பிளான் இல்லாமல் கட்டக்கூடாது, கூட்டிக் கட்டுவதும் இதில் அடக்கம். பதிவு பெற்ற வரைவாளர் மூலம் மாநகர் மன்றத்தில் பிளான் கொடுத்தாயிற்று.

எனக்குப் புதிது பொருள் விஷயம்தான். சிமெண்டு, செராமிக் டைல்ஸ் போன்ற சிலவற்றுக்கு 520ஆவது சட்டப்படி சிஐடிபியின் (மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) தரச் சான்றிதழ் இருக்க வேண்டும். கடையில் நகல் கேட்டேன். ஒருவர் உடனே எடுத்துக் கொடுத்தார், இன்னொருவர், "இதையெல்லாம் யாருண்ணே கேட்கிறா?" என்றார். அங்கே வாங்கவில்லை.

அப்புறம், குத்தகையாளரையும் மாற்றிவிட்டேன்.