படக்கதைக் கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெளி: ‘இடைகழி’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

படக்கதைப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வரையாமல் விடும் வெள்ளைப் பட்டையை ஆங்கிலத்தில் ‘கட்டர்’ (gutter) என்கிறார்கள். அதை அப்படியே எழுதினால் அச்சகத்தார் தாள் வெட்டும் எந்திரம் என்றே கொள்வார்கள். ஆகவே இதற்குத் தமிழ்ச்சொல் தேவை என்பதில், சொல் தேடும் இந்த உரையாடலில் உள்ள நம்மிடையே வேறுபாடு இல்லை. கடலூர் நண்பர் முன்வைத்த ‘கட்ட இடைவெளி’ யாருக்கும் உடனே விளங்கும். ஆனால் சொற்களுக்கு நடுவிலும் வரிகளுக்கு நடுவிலும் இருப்பதையெல்லாம் நாம் இடைவெளி என்றே சொல்கிறோம். படக்கதையின் இந்த வெளி அவற்றைப் போல வெறுமனே பிரித்துக் காட்டுவது மட்டுமன்று. கதையின் ஒரு பகுதி அங்கேதான் நடக்கிறது. ஒரு கட்டத்தில் கட்டுமரம் அலைமேல் ஏறுகிறது. அடுத்த கட்டத்தில் ஒரு பெண் கரையில் நின்று வெறுங்கடலைப் பார்க்கிறாள். நடுவில் நேர்ந்ததை ஓவியர் வரையவில்லை. படிப்பவர் மனமே அதை நிகழ்த்திக்கொள்கிறது. அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் படக்கதைக் கலையை விளக்கியபோது இந்தச் செயலைத்தான் அதன் நடுநாயகமாக வைத்தார்.

இங்கே வந்த மற்றொரு முன்மொழிவான ‘வடிகால்’ எனக்கு உடன்பாடன்று. ஆங்கிலச் சொல்லும், இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சுப் படக்கதை படிப்பவர்கள் அறிந்த ‘குத்தியேர்’ என்ற சொல்லும் மழைநீர் ஓடும் தடத்திலிருந்து வந்தவை என்பது உண்மையே. அவர்கள் கண்ட உருவத்தையே நாமும் காண வேண்டிய கட்டாயம் இல்லை.

என் பரிந்துரை ‘இடைகழி’. தலைவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவிலுள்ள நடைக்கு உரிய பழஞ்சொல் இது; பேச்சில் தேய்ந்து ‘ரேழி’ ஆயிற்று. வைசியாள் வீதியின் பழைய தமிழ் வீடுகளில் திண்ணையைக் கடந்து, முற்றத்து வெளிச்சத்துக்குப் போகுமுன் நாம் நடக்கும் அரையிருட்டான இடம் அதுவே. திருக்கோவலூரில் மழையிரவு ஒன்றில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் ஒதுங்கி நின்றபோது, கண்ணுக்குப் புலப்படாத நான்காமவர் தங்களை நெருக்குவதை உணர்ந்தார்கள் என்ற வரலாறு நம்மில் பலர் அறிந்தது. வரையப்படாத ஒன்றை வாசகர் உணரும் இடத்துக்கு இதனினும் பொருந்திய பெயர் எனக்குத் தோன்றவில்லை.

> இடைக்கழிநாடு என்ற ஊர்ப்பெயரோடு குழம்பாதா?

குழம்பாது என்றே கருதுகிறேன். மரக்காணத்துக்கு வடக்கிலுள்ள அந்த ஊர்ப்பெயரில் வல்லினம் மிகுகிறது, இங்கே மிகாது. எழுதும்போது இதில் நாம் கவனமாக இருந்தால் போதும்.

சொல் வேலைக்கு வளைந்து கொடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானியப் படக்கதையான மங்காவில் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே அகலமாகவும், ஒரே வரிசையிலுள்ள கட்டங்களுக்கு நடுவே குறுகலாகவும் வெளி விடுவது பெருவழக்கு. கண் முதலில் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகே கீழிறங்க வேண்டும் என்பதை அந்த அகல வேறுபாடே உணர்த்திவிடும். இதைக் ‘கிடை இடைகழி’, ‘நெடு இடைகழி’ என்று சிக்கலின்றிப் பிரித்துச் சொல்ல முடிகிறது. கட்டக்கோடுகளைப் பல இடங்களில் அடியோடு விட்டுவிடும் அமெரிக்கப் படக்கதை ஓவியர் வில் ஐஸ்னரின் பக்கங்களை ‘இடைகழி கரைந்த பக்கம்’ எனலாம். புதிதாக வரையத் தொடங்கும் மாணவர்கள் ஒரு நல்ல பக்கத்தைப் பார்க்கும்போது கோட்டையும் வண்ணத்தையும் வியக்கிறார்களே தவிர, இந்த அகலத்தை ஒருவர் தீர்மானித்து விட்டிருக்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. ஆசிரியர் விரல்வைத்துக் காட்டுவதற்கு ஒரு பெயர் இருந்தால் அவர்கள் பார்வை அங்கே நிற்கும்.

ரேழி உள்ள வீடுகள் அருகிவருவதால் இளையோருக்கு இச்சொல் அயலாகத் தோன்றலாம். முதல்முறை ஒரு வரி விளக்கம் சேர்த்தால் தீரும் சிக்கல்தான் அது.

ஆங்கிலம் இதே சொல்லைப் புத்தகத்தின் தையலோரத்து வெற்றிடத்துக்கும், நாளிதழ்ப் பத்திகளுக்கு நடுவிலுள்ள வெளிக்கும் ஆள்கிறது. அவ்விரண்டுக்கும் ‘உள்ளோரம்’, ‘பத்தி இடைவெளி’ என்பவற்றையே வைத்துக்கொண்டு, இடைகழியைப் படக்கதைக்கு மட்டும் ஒதுக்கலாம் என்பது என் கருத்து. பக்க வடிவமைப்பில் இருப்பவர்கள் இந்தப் பிரிவினை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து